அறுத்துப் போட்ட சீட்

எதிர்வீட்டுப் பெரியவர், குழந்தைகள் உட்காரும் கார் சீட் ஒன்றைக் குப்பைத் தொட்டிமேல் சாய்த்து வைத்து, அதன் பெல்ட்டுகளைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்து வந்தவளுக்கு வயிறு எரிந்தது.

சீட் இல்லாமல் குழந்தையைக் காரில் ஏற்றக் கூடாது என்று சட்டம் வந்ததிலிருந்து, மகளை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடி ஓடி அவள் பாதி ஆளாகியிருந்தாள். புதுசு வாங்க வேண்டுமானால், கடைக்காரன் சொன்ன விலைக்கு அவளுடைய ஓட்டைக் காரையே விற்க வேண்டும்.

"வேண்டாம்னா எனக்குக் குடுத்திருக்கலாமே சார்?"

"இது யாருக்கும் குடுக்கறதுக்கில்ல."

திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். தெருவே அவரைச் சிடுமூஞ்சி என்பது சும்மாவா?

'ரொம்ப நல்ல மனசுதான்' என்று முணுமுணுத்தபடி சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பை தைக்கும் பட்டறையில் அவள் தையல்காரி. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், சாப்பிடாமல், கனத்த துணி தைக்கும் மெஷினில் பெல்ட்டுகளை வைத்து மூன்று வரி தையல் ஓட்டினாள். பல்லைக் கடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. உடம்பெல்லாம் வலித்தாலும், அந்த மனுஷன் முகத்தில் கரி பூசிவிட்ட திருப்தி இருந்தது.

அடுத்த நாள் காலை மகளை அதில் உட்கார வைத்தாள்.

"இனிமே பஸ் இல்லையாம்மா?"

"இல்லடி கண்ணு."

வண்டியைக் கிளப்பியதும் பெரியவர் வெறுங்காலோடு ஓடிவந்து முன்னால் நின்றார்.

"குழந்தையை இறக்கு!"

அவள் இறங்கினாள். சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

"குப்பையில போட்டதுக்குமா சார் சொந்தம் கொண்டாடுவீங்க?"

அவர் குழந்தையை மெல்லத் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டு, சீட்டின் முதுகுத் துணியை விலக்கிக் காட்டினார். பிளாஸ்டிக்கில் மேலிருந்து கீழ்வரை மயிரிழையாக ஒரு விரிசல்.

"என் மக கார்ல லாரி மோதிடுச்சு. பேரன் இதுலதான் இருந்தான்."

"ஐயோ! குழந்தை...?"

"மகளும் பேரனும் பிழைச்சிட்டாங்க. அவனுக்கு ஒரு கீறல் இல்ல. மொத்த அடியையும் இது வாங்கிக்கிச்சு. இன்னொரு அடி தாங்காதும்மா."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்..."

"நசுங்குன கார்லேருந்து அப்பதான் இதை எடுத்துட்டு வந்தேன். வாயைத் திறந்திருந்தா அழுதிருப்பேன்."

அவள் போட்ட தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"தெரியாம யாராவது எடுத்துட்டுப் போய், ஒரு குழந்தையை உட்கார வச்சிடக் கூடாதேன்னுதான் அறுத்துப் போட்டேன். எதிர்வீட்டுலயே ஒரு தையல்காரி இருக்கறது எனக்குத் தோணவே இல்லம்மா."