விசர்க்காரர் வீடு

"விசருகளை ஊருக்குள்ள கொண்டு வந்து இருத்தினால், நாளைக்கு எங்கட பொம்பிளையளுக்கு என்ன பாதுகாப்பு?"

வீரகத்தியின் கேள்வியில் பரந்தன் இரண்டாம் ஒழுங்கையே கலங்கிப்போனது. விசர்க்காரர் வீட்டை மூடச் சொல்லும் மனுவில் முப்பத்தொன்பது வீட்டார் கையெழுத்து வைத்தார்கள். அந்தக் கலக்கத்தில் யாரோ அவருடைய பேனையையும் கொண்டுபோய்விட்டார்கள்.

அந்த வீடு அவருக்குப் பக்கத்துக் காணியில்தான். மனநோய் சுகமாகியும் கூட்டிப்போக ஆளில்லாத ஐந்து பெண்கள், நேர்ஸ் ஜெயரூபினியோடு ஏழு மாதமாக இருக்கிறார்கள்.

பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வீரகத்தி அந்த வீட்டு வாசல் படலையில் போய் நின்றார்.

"மிஸ், இவையை ஆஸ்பத்திரியிலயே வைச்சிருக்கலாம்தானே? அந்த நாளில அப்பிடித்தானே?"

"ஓம் ஐயா, அப்பிடித்தான். இந்தா நிக்கிற சாரங்கா அக்கா, சுகமாகியும் பதினாறு வருசம் வார்ட்டிலயே கிடந்தவா. வீட்டிலயிருந்து ஒருத்தரும் வரேல்லை."

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?"

மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சாரங்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்தவைக்குத் தேத்தண்ணி போடட்டே, மிஸ்?"

பத்துப் பேரும் இரண்டடி பின்னால் போனார்கள்.

"பாத்தியளே, கதைக்கிறாள்!" என்றார் வீரகத்தி.

மனுவில் இன்னும் ஒரே ஒரு வீட்டுக் கையெழுத்துத்தான் இல்லை. அது அவருடைய வீடு. வேலிக்கு மேலால் எட்டி மனைவியைக் கூப்பிட்டார்.

"இலட்சுமி! இதில ஒரு கையெழுத்து வை. பக்கத்து வீட்டுப் பொம்பிளையே பயப்பிடுறாள் எண்டால்தான் பிரதேச சபைக் கந்தோரில எடுபடும்."

இலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மனுவை அவசரமில்லாமல், கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். பிறகு நாலாக மடித்து அவருடைய சட்டைப் பையிலேயே வைத்தாள்.

"ஏனடி, உனக்குப் பயமில்லையோ?"

"இருக்குது."

"பின்னை வையன் கையெழுத்தை!"

"நீங்கள் குடிச்சுப்போட்டு வந்து அடிச்சுத் துரத்திற நாளில, நான் என்ர தங்கச்சி வீட்டை போறன் எண்டுதானே நினைச்சுக்கொண்டிருக்கிறியள்? அவள் ஒருநாளும் கதவு திறந்ததில்லை. நான் சாரங்காவின்ர கட்டிலிலதான் படுக்கிறனான். அவா கீழ பாயைப் போட்டுப் படுப்பா."