ஏழாம் படுக்கையின் கரகரப்பு

ஒரு வார்டில் பழைய ஸ்டெதஸ்கோப் ஒன்று இருந்தது. நெஞ்சில் வைத்தால் போதும், உள்ளே நடப்பதைப் புட்டுப் புட்டு வைக்கும். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மேசைக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டர், "அக்கா, கேட்டதை எல்லாம் என்கிட்ட பதிஞ்சிடுங்க" என்றது.

'ஏழாம் படுக்கை, இடது பக்கம் சளி கரகரக்குது' என்று தட்டிவிட்டு ஸ்டெதஸ்கோப் மிடுக்காகக் கிளம்பியது.

டாக்டர் வந்தார். திரையைப் பார்த்தார். ஏழாம் படுக்கையைத் தாண்டிப் போய்விட்டார்.

ஸ்டெதஸ்கோப்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் தட்டினதை முழுங்கிட்டியா?"

"கடைசியில 'சேவ்' அழுத்தணும் அக்கா. நீங்க அழுத்தலை."

"பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே? சொல்றதுக்கென்ன?"

"இத்தனை வருஷ சர்வீஸ் உள்ளவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயந்துட்டேன்."

எப்படிப் பதிவது என்று கேட்டால் இந்தப் பொடிசு சிரிக்குமே என்றுதான் ஸ்டெதஸ்கோப்பும் கேட்காமல் கிளம்பியிருந்தது.

"சரி, எங்கே அழுத்தணும்? சீக்கிரம் காட்டு. டாக்டர் இன்னும் வாசலைத் தாண்டலை."

அழுத்தியதும் டாக்டரின் பையில் போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தவர் விறுவிறுவென்று ஏழாம் படுக்கைக்குத் திரும்பினார்.

"அக்கா," என்று கம்ப்யூட்டர் தயங்கியது, "கரகரப்புன்னா எப்படி இருக்கும்? எனக்கு எழுத்து மட்டும்தான் தெரியும்."

ஸ்டெதஸ்கோப் சிரிக்கவே இல்லை.