ஏழு மாற்றல் விண்ணப்பங்கள்

மனைவி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றபோது, கணவரின் அலுவலக மேசையில் புதுக் கணினித் திரையைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

நான்கு மணி நேரப் பேருந்துப் பயணம். ஏழு வருடமாக அவர் இந்த ஊரில்; அவளும் மகளும் அந்த ஊரில். வருடம் தவறாமல் மாற்றல் கேட்டு விண்ணப்பிக்கிறேன் என்பார். வருடம் தவறாமல், கொடுக்கமாட்டேன் என்கிறார்கள் என்பார்.

கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள்.

"என்ன, திடீர்னு?" என்றார். முகத்தில் இருந்தது சந்தோஷமா, கலவரமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

"உங்க விண்ணப்பத்தைக் காட்டுங்க. அதைப் பார்க்கத்தான் வந்தேன்."

"இதுல எங்கே காட்டறது? நீயே பாரு."

திரை பாதிக் கதவு அகலம் இருந்தது. அலுவலகத்தின் பழைய மென்பொருளோ அதன் மூலையில் தபால்தலை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. எழுத்தெல்லாம் எறும்பு.

நல்ல சாக்கு, என்று நினைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு பெரிய ஸ்கிரீன் வரும்னு இதை எழுதினவங்க கனவுகூடக் கண்டிருக்கமாட்டாங்க மேடம். இருங்க, இழுத்துப் பார்க்கிறேன்," என்றார் கணினி சரிசெய்ய வந்தவர்.

எதையோ மாற்றினார். மென்பொருளில் திறந்திருந்த மாற்றல் விண்ணப்பப் பட்டியல் திரை முழுக்க விரிந்தது. தலைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. வலது ஓரத்தில் புதிதாக இரண்டு கட்டங்கள் முளைத்தன: நிலை, அனுப்பியவர்.

கணவர் பெயருக்கு நேரே ஏழு வரிகள். ஏழிலும் 'அனுப்பப்படவில்லை'. பக்கத்துக் கட்டம் காலி.

"பழைய ஸ்கிரீன்ல இந்தக் கட்டமே தெரியாது." கணவர் திரையை நெருங்கிப் பார்த்தார். "சேமிச்சாலே போயிடும்னு நினைச்சுட்டேன். பதில் வராததால, மறுத்துட்டாங்கன்னு எடுத்துக்கிட்டேன்."

கணினிக்காரரும் தலையாட்டினார். "சின்ன ஸ்கிரீன்ல ஓரம் வெட்டுப்பட்டுப் போகும் மேடம். பக்கவாட்டுல நகர்த்தினாத்தான் தெரியும்."

அவளுக்கு உடம்பே லேசானது. இவ்வளவுதானா? இதற்காகவா அந்த மனுஷனை ஏழு வருடம் சந்தேகப்பட்டாள்? அவருடைய மேலதிகாரியை வேறு வாய் வலிக்கத் திட்டியிருக்கிறாள்.

"நல்ல ஆளுதான் போங்க. இப்பவாவது அனுப்புங்க," என்று அவர் தோளில் தட்டினாள்.

எழுத்துகள் ஒழுங்காக வருகின்றனவா என்று பார்க்க, கணினிக்காரர் பட்டியலைக் கீழே உருட்டினார்.

"போதும் சார், விடுங்க," என்றார் கணவர், கொஞ்சம் அவசரமாக.

அதற்குள் முழுப் பட்டியலும் திரையில் வந்துவிட்டது. அந்த அலுவலகத்தில் மாற்றல் கேட்ட மற்ற பதினாறு பேரும் இருந்தார்கள். பதினாறிலும் 'அனுப்பப்பட்டது'.

அனுப்பியவர் என்ற கட்டத்தில், பதினாறு முறையும், அவள் கணவரின் பெயர்.