அக்கா கண், தங்கை கண்

ஒரு முகத்தில் இரண்டு கண்கள் இருந்தன. வலக்கண் அக்கா, இடக்கண் தங்கை. இருவருக்கும் கிட்டப்பார்வை. லேசர் செய்துகொள்ளலாமா என்று பேச்சு வந்தது.

"கண்ணாடி போதாதா அக்கா? லேசர் செய்தால் நாம் உலர்ந்துபோவோமாம். இரவில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரியுமாம். நடுவில் நீ அசைந்துவிட்டால்?"

"அதற்காக மழை வந்தால் உலகத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கணுமா? நான் முதலில் போகிறேன். எனக்கு ஏதாவது ஆனால் நீ இருக்கிறாயே."

"ஆமாம், பெரிய தியாகி!"

டாக்டர் தங்கையைத் துணியால் மூடினார். "பச்சைப் புள்ளியையே பாருங்கள், அசையாதீர்கள்" என்றார். அக்காவுக்கு நடுக்கம் எடுத்தது. துணிக்குள் தங்கைக்கு எந்தப் புள்ளியும் தெரியவில்லை. ஆனாலும் அக்கா பார்க்கிற பக்கமே பார்த்துப் பழகியவள், இருட்டில் அந்தப் பக்கமே திரும்பி அசையாமல் நின்றாள். அக்காவின் நடுக்கம் அடங்கியது.

மறுநாள் காலையில் அக்காவின் மேல் ஒட்டியிருந்த பாதுகாப்பு மூடியை எடுத்தார்கள்.

"என்ன தெரிகிறது? சொல்லேன், அக்கா!"

"எதிர்வீட்டு முருங்கை இலை இலையாகத் தெரிகிறது. அடியே, குருவிக்குத் தாடி இருக்கிறதுடி!"

"அப்படியானால் அடுத்தது நான்தான்" என்ற தங்கைக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் முட்டியது.

"அழாதேடி! தண்ணீர் படக் கூடாதென்று டாக்டர் சொன்னாரே" என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் இருவரும் அழுதுகொண்டிருந்தார்கள்.