காதில் செருகிய பென்சில்

குடும்ப நீதிமன்றத்து மின்விசிறி சுற்றுகிற வேகத்தில், அதன் இறக்கையில் வலை கட்டிய சிலந்தி பேரன் பேத்தி எடுத்துச் சௌக்கியமாக இருக்கிறது. அதற்குக் கீழே வனஜாவுக்கு உள்ளங்கை வேர்த்துக் கொட்டுகிறது. மகள் அனுஷா தொட்டிலில் கிடந்தபோது போட்ட ஜீவனாம்ச உத்தரவு. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், கூட்டிக் கொடுங்கள் என்பது வனஜாவின் மனு. வேலையே இல்லை, குறைத்துக் கொடுங்கள் என்பது தச்சு வேலை செய்யும் புருஷன் எத்திராஜின் மனு. நிலைமை மாறினால் உத்தரவும் மாறுமாம். யார் நிலைமை மாறியது என்று நீதிபதி இப்போது எழுதப் போகிறார். கூண்டில் எத்திராஜ், ஊரிலுள்ள பட்டினியையெல்லாம் முகத்தில் வாங்கிக்கொண்டு நிற்கிறான். "ஆறு மாசமா உளியத் தொடல சாமி. எங்க ஏரியா நீலசந்திராவுல யார வேணா கேளுங்க." ஜன்னல் வெயில் அவன் காதில் விழுகிறது. அங்கே புதிதாய்ச் சீவிய பென்சில் ஒன்று செருகியிருக்கிறது. வனஜா வக்கீலம்மாவின் கறுப்புக் கோட்டை இழுக்கிறாள். "அக்கா, அவரு காதப் பாருங்க." "சும்மா இரும்மா, ஜட்ஜ் எழுதறாரு." பேனா தாளில் கிறீச்சிடுகிறது. வனஜா எழுந்துவிடுகிறாள். "ஏய்யா, காலையில யார் வீட்டு ஜன்னலுக்கு அளவெடுத்துட்டு வந்த?" பேனா நிற்கிறது. நீதிபதி நிமிர்கிறார். எத்திராஜின் கை தானாகக் காதுக்குப் போகிறது. தொழிலில் தப்புச் சொன்னால் அவனுக்குப் பொறுக்காது.

"ஜன்னல் இல்ல, கதவு" என்கிறான்.