கிளம்ப எவ்வளவு நேரமாகும்?

பழைய கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுக்கும் கடை அது. கணவரின் லேப்டாப்பைத் துணிப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார் அந்த அம்மாள்.

"இதுல இருக்கிற ஓ.எஸ்., அதாவது லேப்டாப்பை இயக்குற சிஸ்டம், இதுக்கு ரொம்ப கனம்மா. அதான் படுத்துடுச்சு," என்றார் மெக்கானிக். "லேசான ஓ.எஸ். இலவசமாவே மூணு இருக்கு. ஒவ்வொண்ணா போட்டுக் காட்டுறேன், பிடிச்சதைச் சொல்லுங்க."

முதலாவதைப் போட்டார்.

"ஆன் பண்ணினா கிளம்ப எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு காபி போட்டுடலாம்."

அம்மாள் உதட்டைப் பிதுக்கினார். மெக்கானிக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டாவதைப் போட்டார். அது இன்னும் சீக்கிரம் கிளம்பியது. அம்மாளின் முகமோ இன்னும் சுருங்கியது.

மூன்றாவதில், பட்டனைத் தொட்டதுமே திரை பளிச்சென்று வந்து நின்றது.

"இதைவிட வேகமா எங்கேயும் கிடைக்காதும்மா!"

"முதல்ல போட்டீங்களே, அதையே போட்டுடுங்க."

"அதுவா? இருக்கிறதுலயே மெதுவானது அதுதானே!"

"லேப்டாப் கிளம்புற வரைக்கும்தான் எங்க வீட்டுக்காரர் எனக்குப் பூண்டு உரிச்சுத் தருவார்," என்றார் அம்மாள் நிதானமாக. "பழைய சிஸ்டத்துல முழுப் பூண்டையும் உரிச்சுடுவார். நீங்க கடைசியா போட்டதுல ஒரு பல்லுகூடத் தேறாது."