பன்னிரண்டு சதவீதம்

"பன்னிரண்டு சதவீதம்! கம்ப்யூட்டர் தூங்கி வழியுது. ஆறு நாளா கணக்கு ஓடுது, ஓடுதுன்னு யார் காதுல பூ சுத்துறீங்க?"

மேனேஜர் திரையை விரலால் தட்டினார். எதிரே நின்ற இன்ஜினியர் பெண்ணுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சார், இது புதுசா கட்டப்போற பள்ளிக்கூடம், மூணு மாடி. புயலுக்கு, அதிர்வுக்குத் தாங்குமான்னு படிப்படியா கணக்குப் போடுது. இன்னும் ரெண்டு நாள் ஆகும். அதுக்கு முன்னாடி நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"இவரையே கேட்போம்."

கம்ப்யூட்டரைச் சோதிக்க வரவழைத்திருந்த சர்வீஸ்காரர் மவுஸைப் பிடித்தார். இரண்டு தட்டு. ஒரே படமாக இருந்தது எட்டுக் கட்டங்களாகப் பிரிந்தது. ஏழு கட்டங்களில் கோடு தரையோடு கிடந்தது. ஒன்றில் மட்டும் உச்சியை முட்டி நின்றது.

"உள்ளே எட்டு கோர் இருக்கு சார். எட்டு வேலையாள்னு வெச்சுக்கோங்க. இந்தக் கணக்குல ஒரு படி முடிஞ்சாத்தான் அடுத்தது, அதனால ஒருத்தன்தான் செய்ய முடியும். அவன் முழுசா நூறு சதவீதம் உழைக்கிறான். எட்டால வகுத்துக் காட்டுறதால பன்னிரண்டுன்னு தெரியுது. மேடம் சொல்றது நிஜம்."

"மொத்தம் எவ்வளவு காட்டுது?"

"பன்னிரண்டு. ஆனா..."

"கம்ப்யூட்டர்ல கோளாறு உண்டா?"

"இல்ல சார்."

"இந்த ரெண்டை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஆனா, ஆவன்னாவெல்லாம் வேண்டாம். அடுத்த வருஷமும் இங்க சர்வீஸ் பார்க்கணும்ல?"

சர்வீஸ்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

வேலையில் மெத்தனம் என்று அரை மணி நேரத்தில் அவள் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். வாசல்வரை போனவள் திரும்பி, "கணக்கை மட்டும் நிறுத்திடாதீங்க சார்" என்றாள்.

கதவு சாத்தியதும் மேனேஜர் அதை நிறுத்தினார். பள்ளிக்கூட வரைபடத்தில் தானே கையெழுத்துப் போட்டார்.

சர்வீஸ்காரர் மேசைக்கடியில் குனிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஆள் இருப்பதையே மறந்து மேனேஜர் வீட்டுக்குப் போன் போட்டார்.

"நான்தான்மா. பாப்பாவுக்கு அந்தப் புதுப் பள்ளிக்கூடத்துல இடம் கேட்டிருந்தோமே, வேண்டாம்னு சொல்லிடு. தூரமானாலும் பரவாயில்ல, பழைய இடத்துலயே படிக்கட்டும்."